வாடகை வீட்டில் கல்யாண ஆல்பம்

வீட்டு ஓனர்களில் இரண்டு ரகம். ‘அடுத்த மாசத்துக்குள்ள காலி பண்ணிடுங்க’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர் முதல் ரகம். ‘எங்கள் விதிமுறைகளில் ஒரு சிறு மாற்றம்’ என்று சிரித்த முகமாக ஈ-மெயில் அனுப்புகிறவர் அடுத்த ரகம். நம்முடைய போட்டோக்கள் பெரும்பாலும் குடியிருப்பது இந்த இரண்டாவது ரகத்து வீட்டில்தான்.

கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டுவோம் (பி.காம். படித்த தோஷம், விடாது). ஆர்குட் ஞாபகமிருக்கிறதா? 2014 செப்டம்பர் 30-ம் தேதி கடையைச் சாத்தினார்கள். பிகாசாவுக்கு 2016-ல் மூடுவிழா. போட்டோபக்கெட் என்று ஒன்று. அங்கே படத்தை வைத்துவிட்டு மற்ற சைட்டுகளில் காட்டிக்கொண்டிருந்தவர்களிடம் 2017-ல் திடீரென்று வருஷத்துக்கு 399 டாலர் கேட்டது. ஃப்ளிக்கர் 2013-ல் ‘ஒரு டெராபைட் இலவசம்’ என்று தண்டோரா போட்டது. 2018-ல் கைமாறியதும் ‘இலவச கணக்குக்கு ஆயிரம் படம்தான்’ என்றது. கூகுள் போட்டோஸ் 2015-ல் வந்தபோது அளவே கிடையாது என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபி. அதிலேயே மெயிலும் பங்காளி.

யாரையும் நான் குறை சொல்லவில்லை. வீடு அவர்களுடையது, கரன்ட் பில் அவர்களுடையது. ஆனால் உள்ளே இருக்கிற அண்டா குண்டா நம்முடையதாச்சே!

மூங்கில்துறைப்பட்டில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்கப்பா இந்த உலக விசாரம் என்று கேட்பீர்கள். காரணம், தென்பெண்ணை.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. ஏறினது மேலே போகக்கூடாதோ? அங்கேயே உட்கார்ந்துகொண்டு கொட்டு கொட்டென்று கொட்டியது. டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் ஆற்றில் வந்தது. கரையோர ஊர்களில் வீட்டுக்குள் புகுந்தது. நெல் மூட்டை போச்சு, டி.வி. போச்சு, ரேஷன் கார்டு நனைஞ்சது என்று புலம்பி முடித்த பிறகுதான், ஒவ்வொருத்தராக பீரோவின் அடித்தட்டைத் திறந்து பார்த்தார்கள். கல்யாண ஆல்பம் எப்போதும் அடித்தட்டில்தானே இருக்கும்!

கலர் பிரிண்ட்டின் மேல்பூச்சு ஜெலட்டின். தண்ணீரில் ஊறினால் இளகி, மேலே போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொள்ளும். காயவைத்து உரித்தால் மாப்பிள்ளையின் முகம் பிளாஸ்டிக்கோடு போய்விடுகிறது. மாலை மட்டும் மிஞ்சுகிறது. என் சின்னம்மா ஒருத்தர் அப்படி ஓர் ஆல்பத்தைத் திண்ணையில் காயப்போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், வடாம் காயப்போட்டுக் காக்காய் ஓட்டுகிற மாதிரி.

மெயின் ரோட்டில் மாடியில் ஒரு ஸ்டூடியோ. அதன் சொந்தக்காரரை ஊரே ‘ஸ்டூடியோ அண்ணன்’ என்றுதான் கூப்பிடும். சர்க்கரை மில் விழா, புது டிராக்டர் பூஜை, கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரை ஃப்ளாஷ் லைட்டைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்த கல்யாணம், எல்லாவற்றின் நெகட்டிவும் பழுப்புக் கவர்களில் அவரிடம் பத்திரமாக இருந்தன. மாடி என்பதால் ஆறு ஏறவில்லை.

“தம்பி, நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன். இத்தனையையும் ஸ்கேன் பண்ணி ஒரு வெப்சைட்ல ஏத்திட்டா, பெங்களூருல இருக்கறவன், திருப்பூருல இருக்கறவன், சிங்கப்பூருல இருக்கறவன் எல்லாம் பாத்துக்குவான்ல?”

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர், டேலி. ஆனாலும் ஊர் நம்புகிறபோது மறுக்கலாமா? தலையாட்டினேன். வாடகை வீடு வேண்டாம், சொந்த வீடாக இருக்கட்டும் என்று அன்றே முடிவு. அதாவது, நம் பெயரில் ஒரு வெப்சைட், நாமே நிறுவுகிற கேலரி சாஃப்ட்வேர், நம் கையில் சாவி.

முதல் கேள்வி, வீட்டை எங்கே கட்டுவது? ஸ்டூடியோவிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை ராத்திரி பகலாக ஓடவிடலாமே என்றார் அண்ணன். இன்வெர்ட்டர் இருந்தால் கரன்ட் கட்டைச் சமாளிக்கலாம். ஆனால் நம்முடைய வீட்டு இன்டர்நெட் இணைப்புகள் பலவற்றுக்குத் தனி முகவரியே கிடையாது. பெரிய லாட்ஜில் குடியிருக்கிற மாதிரி. உள்ளே இருந்து நீங்கள் எத்தனை லெட்டர் வேண்டுமானாலும் போடலாம். வெளியே இருந்து ஒருவர் ‘மூன்றாம் மாடி, பதினேழாம் ரூம்’ என்று தேடி வர முடியாது. அதற்குச் சுற்று வழிகள் உண்டு. உண்டு என்பதற்காக ராத்திரி பதினொரு மணிக்கு சிங்கப்பூரிலிருந்து போன் வந்து “சைட் தெரியலியே மாமா” என்றால் எழுந்து போய் யார் பார்ப்பது? எனவே வெளியே ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் மாசக் கணக்கில் இடம் பிடிப்பது என்று ஆயிற்று. ‘அதுவும் வாடகைதானே?’ என்று மடக்காதீர்கள். மனை மட்டும்தான் குத்தகை. வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு அடுத்த மனைக்குப் போய்விடலாம்.

இடத்துக்கு அடுத்து சாஃப்ட்வேர். இங்கேதான் ஒரு வாரம் தூக்கம் போயிற்று. ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடையில் நுழைந்த கதை. எல்லாமே பளபளப்பு, எல்லாமே இலவசம்.

பழையவரிலிருந்து தொடங்கினேன். பேரே ‘கேலரி’தான். பரத் மெடிராட்டா என்பவர் 2000 வாக்கில் தொடங்கியது. ஒரு காலத்தில் உலகம் முழுக்கக் குடும்ப சைட்டுகளில் அதுதான் ராஜா. இரண்டாம் பதிப்பை அடியோடு மாற்றி எழுதினார்கள். மூன்றாம் பதிப்பை மறுபடி அடியோடு மாற்றி எழுதினார்கள். 2014-ல், எழுதுகிறவர்களுக்கு நேரமில்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். சம்பளமில்லாத வேலை, பிள்ளை குட்டிக்காரர்கள், பாவம். ஆனால் அதை நம்பி ஆயிரக்கணக்கில் படம் ஏற்றிவைத்தவர்கள்?

இந்த ஒரு கதையைப் படித்ததும் என் கேள்வியே மாறிவிட்டது. எதில் என்ன வசதி என்பதை விட்டேன். ‘இந்த சாஃப்ட்வேர் நாளைக்குச் செத்துப்போனால் என் கையில் என்ன மிஞ்சும்?’ இதைத்தான் ஒவ்வொன்றிடமும் கேட்டேன். பார்ட்னர்ஷிப் டீடு எழுதும்போது எங்கள் காலேஜ் வாத்தியார் சொல்வார், முதலில் பிரிகிற ஷரத்தை எழுது, சேருகிற ஷரத்து தானே வரும் என்று.

அடுத்து இம்மிச். இப்போதைய நட்சத்திரம். அலெக்ஸ் டிரான் என்பவர், குழந்தை பிறந்து வீடு முழுக்கப் படங்கள் குவிந்த சமயத்தில், அவற்றை வைக்க 2022-ல் எழுதத் தொடங்கினது. 2024-ல் டெக்சஸில் இருக்கிற ஃப்யூட்டோ என்ற நிறுவனம் சேர்த்துக்கொண்டு சம்பளம் தருகிறது. பார்க்க அச்சு அசல் கூகுள் போட்டோஸ். முகத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்கும், அதுவும் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே. அண்ணன் சொக்கிப்போனார். ஆனால் இது போனிலிருந்து வீட்டுப் படங்களைச் சேமிப்பதற்கென்று பிறந்தது; ஊருக்குத் திறந்துவிடுகிற கண்காட்சிக்கு அல்ல. ஓடுவதற்கு டாக்கர் என்ற ஏற்பாடு வேண்டும், ஆறு எட்டு ஜிபி ராம் வேண்டும். குறைந்த கட்டண ஹோஸ்டிங்கில் நடக்காத காரியம். நிலையான பதிப்பு என்று அவர்களே அறிவித்தது 2025 அக்டோபரில்தான். ‘படங்களுக்கு வேறு நகலும் வைத்துக்கொள்’ என்று அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். (இப்படிச் சொல்கிற கம்பெனியை நம்பலாம் என்பது என் கட்சி.) வீட்டுக்கு மட்டும் வேண்டும் என்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

போட்டோபிரிசம் ஜெர்மனிக்காரர்களுடையது. அதுவும் இதே ஜாதி, இதே சாப்பாட்டுச் செலவு. காப்பர்மைன் வயசாளி. லிச்சி பார்க்க லட்சணம். முதலில் எழுதியவர் விலகிக்கொண்டதும் மற்றவர்கள் கூடி எடுத்து நடத்துகிறார்கள், அது நல்ல அறிகுறி. ஆனால் ஏற்றுகிற படத்துக்கெல்லாம் அது தன் இஷ்டத்துக்கு ஒரு நீளமான கிறுக்குப் பேர் வைத்துத் தன் அறையில் அடுக்கிக்கொள்கிறது. சாஃப்ட்வேர் போய்விட்டால், பேரில்லாத எட்டாயிரம் அநாதைப் படங்கள் நம் தலையில்.

கடைசியில் நின்றது பிவிகோ. பிரான்ஸ் தேசத்து பியரிக் லெ கால் 2002-ல் ஆரம்பித்தது. அப்போது வேறு பேர், 2009-ல்தான் பிவிகோ ஆனது. பிஎச்பி, மை-எஸ்க்யூஎல் இரண்டும் இருந்தால் போதும், சாதாரண ஹோஸ்டிங்கிலேயே ஓடும். இலவசத்தைக் கண்டால் ‘இவனுக்கு யார் சோறு போடுகிறார்கள்?’ என்று கேட்க வேண்டும் என்பது காமர்ஸ் படித்தவன் கட்சி. இவர்கள் சாஃப்ட்வேரை இலவசமாகக் கொடுத்துவிட்டு, நிறுவத் தெரியாதவர்களுக்குத் தாங்களே நிறுவிக்கொடுத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். சோறு இருக்கிறது.

முக்கியமான விஷயம், இதில் படத்தை இரண்டு விதமாக ஏற்றலாம். வெப்சைட் பக்கத்திலேயே ஏற்றினால், இதுவும் லிச்சி மாதிரி தேதி வாரியாகப் பேர் மாற்றி அடுக்கும். அப்படியில்லாமல் நாமே போல்டர் போல்டராக எஃப்டிபி வழியாக ஏற்றி ‘சிங்க்’ கொடுத்தால், நம் போல்டர் நம் போல்டராகவே இருக்கும். பிவிகோ அதைப் படித்துக் காட்டும், அவ்வளவுதான். நாளைக்கு பிவிகோ பிரான்ஸுக்கே திரும்பிப் போனாலும் அலமாரி அப்படியே நிற்கும். இரண்டாவது வழிதான் என்று முடிவு கட்டினேன்.

“தமிழ்ல பேர் வைக்கலாம்ல?” என்றார் அண்ணன்.

இந்த சிங்க் வழியில் போல்டர் பேரும் ஃபைல் பேரும் ஆங்கில எழுத்து, எண், கோடு, புள்ளி இவற்றில் மட்டும்தான் இருக்கலாம். ஒரு ஸ்பேஸ் விட்டால்கூட ஏற்றுக்கொள்ளாது. தமிழ்ப் பேரைத் தலைப்பில் பிற்பாடு கொடுத்துக்கொள்ளலாம். சரி, எட்டாயிரம் படத்துக்கு என்ன பேர் வைப்பது?

அப்போதுதான் அண்ணன் மேஜைக்கு அடியிலிருந்து ஆர்டர் நோட்டை எடுத்துப்போட்டார். காலிகோ பைண்டு, ஓரம் செல்லரித்தது. வருஷம், பில் நம்பர், பணம் கொடுத்தவர் பேர், அட்வான்ஸ், பாக்கி. நெகட்டிவ் கவர் ஒவ்வொன்றிலும் அதே பில் நம்பர். சார், நான் எத்தனையோ லெட்ஜர் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு அழகைப் பார்த்ததில்லை! வருஷம், பில், ஃபிரேம். 1994_0312_07. முடிந்தது பேர் சூட்டு விழா. எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் போனாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பழுப்புக் கவரை எடுத்துவிடலாம்.

யார் யார் நிற்கிறார்கள் என்கிற குறிப்பையும் சாஃப்ட்வேருக்குள் மட்டும் எழுதி வைக்கவில்லை. அந்தக் காலத்தில் போட்டோவின் முதுகில் பென்சிலால் எழுதுவோமே, அதற்கு இந்தக் காலத்து ஏற்பாடு ஐபிடிசி. பத்திரிகைக்காரர்களின் சர்வதேசக் கவுன்சில் வகுத்தது. படத்தின் ஃபைலுக்குள்ளேயே குறிப்பு உட்கார்ந்துகொள்ளும், படம் போகிற இடமெல்லாம் கூடவே போகும். டிஜிகேம் என்கிற இலவச சாஃப்ட்வேரில் தமிழிலேயே எழுதலாம். செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினால் பிவிகோ அதைப் படித்துக்கொள்கிறது.

ஹோஸ்டிங் பிடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘அன்லிமிடெட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கீழே பொடி எழுத்தில் ஃபைல் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கும். ஒரு படத்துக்கு 3 எம்பி என்றால் எட்டாயிரம் படம் 24 ஜிபிதான், சுலபம். ஆனால் கேலரி சாஃப்ட்வேர் ஒவ்வொரு படத்துக்கும் பொடிசு, சின்னது, நடுத்தரம், பெரிசு என்று எட்டு அளவு செய்து வைத்துக்கொண்டால்? எட்டெட்டு அறுபத்து நாலாயிரம், அசலையும் சேர்த்தால் 72 ஆயிரம் ஃபைல். பணம் கட்டுகிறதுக்கு முன்னால் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

இத்தனை கணக்கும் போட்டு முடித்த பிறகு, ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அந்தத் திண்ணைச் சின்னம்மாதான் கேட்டார்.

“ஏம்ப்பா, எங்க கல்யாணப் போட்டோவ ஊர் உலகம் பூரா பாக்கும்னா சொல்ற? எங்களக் கேட்டியா?”

அண்ணனுக்குக் கோபம். “நான் எடுத்த படம். நெகட்டிவ் எங்கிட்ட. யாரக் கேக்கணும்?”

சட்டம் சின்னம்மா கட்சி. 1957-ம் வருஷத்துக் காப்பிரைட் சட்டம், 17-வது பிரிவு. பணம் கொடுத்து ஒருவர் சொல்லி எடுத்த போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்தில் காப்பிரைட்டின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். நெகட்டிவ் ஸ்டூடியோவுடையதாக இருக்கலாம், படத்தை வெளியிடுகிற உரிமை கஸ்டமருடையது. அண்ணன் சொந்த ஆசைக்கு எடுத்த ஆறு, மலை, கரும்பு லாரி, அவையெல்லாம் அண்ணனுடையவை. யார் பணம் கொடுத்தார்கள் என்பதற்கு ஆதாரம்? அதே ஆர்டர் நோட்டு!

ஆக ஏற்பாடு இப்படி ஆனது. ஆறு, மலை, கரும்பு லாரி எல்லாம் எல்லோருக்கும் திறந்த ஆல்பம். கல்யாணம், சடங்கு, வளைகாப்பு எல்லாம் பூட்டிய ஆல்பம். பிவிகோவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குரூப், ஒரு பாஸ்வேர்டு. அவரவர் ஆல்பம் அவரவருக்கு மட்டும். பில்லில் பேர் இருக்கிற குடும்பம் சம்மதம் சொன்ன பிறகுதான் அந்தக் கவரே ஸ்கேனருக்குப் போகும்.

இதிலும் ஒரு கொல்லைப்புற வாசல் இருக்கிறது. ஆல்பத்துக்குப் பூட்டுப் போட்டாலும், அசல் ஃபைலின் முழு முகவரி தெரிந்த ஆள் பூட்டைத் தொடாமல் நேரே உள்ளே போகலாம். நம் ஃபைல் பேரோ வரிசை எண். ஏழு தெரிந்தவனுக்கு எட்டு தெரியாதா? அதை அடைக்கத் தனியாக ஒரு செட்டிங் உண்டு, போல்டரையும் வெளியாருக்கு மறுக்க வேண்டும். பூட்டிவிட்டு, லாகின் பண்ணாத வேறொரு போனில் முகவரியை அடித்துப் பார்த்துக் கதவு திறக்கவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே முதல் குடும்பத்துக்கு பாஸ்வேர்டு கொடுத்தேன். போனில் எடுத்த புதுப் படங்களை ஏற்றுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: படத்துக்குள் வீடு இருக்கிற இடம் வரை பதிந்திருக்கும். அதை அழித்துவிட்டு ஏற்றுங்கள்.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். ஈழத்துக்காரர்கள் 2005-ல் ‘நூலகம்’ தொடங்கி, படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் ‘ஆவணகம்’ என்று தனியாக ஒன்று நடத்துகிறார்கள். அது ஓடுவது ஐலண்டோரா என்ற இலவச சாஃப்ட்வேரில். கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அந்த சாஃப்ட்வேர் எங்கள் ஸ்டூடியோவுக்கு யானை. ஆனால் பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொண்டேன். ஹோஸ்டிங்கில் ஒன்று, ஸ்டூடியோ ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, ஆற்றங்கரைக்கு ரொம்ப தூரத்தில் பெங்களூர் மச்சான் வீட்டில் ஒன்று. டொமைனை வருஷா வருஷம் புதுப்பிக்கிற பொறுப்பு அண்ணன் மகள் பேருக்கும் போயிருக்கிறது. ஒருத்தர் மறந்தால் இன்னொருத்தர்.

போன மாசம் ஸ்டூடியோவுக்கு ஒரு அக்கா வந்தார். பில் அவருடைய அப்பா பேரில். 1996 கல்யாணம். அப்பா இப்போது இல்லை. மாப்பிள்ளையும் இல்லை, உயிரோடுதான் இருக்கிறார், இவரோடு இல்லை.

“எதையும் ஏத்த வேணாம் தம்பி. அந்தக் கவரக் குடுத்தா எடுத்துட்டுப் போயிடறேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்பா பேரில் இருக்கிற பில்லுக்கு வாரிசு யார் யார், அண்ணன் தம்பி சம்மதம் வேண்டுமா என்றெல்லாம் வக்கீலுக்கு வேலை இருக்கலாம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. படத்தில் இருப்பது அவர். “குடுத்துடுங்கண்ணே” என்றேன்.

அக்கா வாங்கிக்கொண்டு மாடிப்படி வரை போனார். நின்றார். கவரைப் பிரித்து, நெகட்டிவ் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நெகட்டிவில் முகம் தெரியாது, முடி வெள்ளையாகவும் பல் கறுப்பாகவும்தான் தெரியும். எப்படிக் கண்டுபிடித்தாரோ.

“இதுல எங்க ஆயா மட்டும் தனியா நிக்குது பாரு, பந்தல் கால் பக்கத்துல. அதுக்கு வேற போட்டோவே இல்ல. இத மட்டும் போடறியா?”

அந்தச் சுருளிலிருந்து ஒரே ஒரு ஃபிரேமை ஸ்கேன் பண்ணிக்கொண்டு கவரைத் திருப்பிக் கொடுத்தோம். பூட்டு வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். ஆற்றுக்கும் கரும்பு லாரிக்கும் நடுவில் இருக்கிறது.